மாதிரிக் கணக்கு

"காலையில் கண் விழித்ததும், எதற்கு விழித்தோம் என்று தோன்றுகிறதா?"

கோயில் மண்டபத்துச் சுவரில், புரொஜெக்டர் வெளிச்சத்தில், கேள்வி பெரிய எழுத்தில் விழுந்தது.

மகேந்திரன் கைப்பேசியில் 'தினமும்' என்பதைத் தட்டினான்.

"பாத்தீங்களா, இவ்வளவுதான். ஒரு வெரல் போதும்."

அவன் அரசாங்கக் கிளினிக்கில் வேலை பார்ப்பவன். மனசு நோயில் விழுவதற்கு முன்பே தாங்கிப் பிடிக்க இணையத்தில் புதிதாக ஒரு திட்டம் வந்திருந்தது. வீட்டில் இருந்தபடியே கேள்விகளுக்குப் பதில் சொல்லலாம். வாரத்துக்கு ஒரு பாடம் கேட்கலாம். நிலைமை மோசம் என்றால் கிளினிக்கிலிருந்தே கூப்பிட்டுப் பேசுவார்கள்.

அதை ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் இப்போது அவன் வேலை. பாரிட் புந்தார், தாப்பா எல்லாம் முடிந்து, இன்று கோலா கங்சார் பக்கம் ஒரு பழைய தோட்டம்.

ரப்பர் போய், எண்ணெய்க்கான செம்பனை வந்துவிட்ட தோட்டம். ஜனங்கள் மட்டும் அங்கேயே இருந்து, ஈப்போவுக்கு ஃபேக்டரி பஸ் ஏறிக்கொண்டிருந்தார்கள்.

"பிடித்த சாப்பாடு வாயில் ருசிக்கிறதா?"

இல்லை.

"பக்கத்தில் இருப்பவர் பேசுவது மனசில் ஏறுகிறதா?"

இல்லை.

கடைசிக் கேள்வி முடிந்ததும் சுவரில் ஒரு சிவப்பு வட்டம் வந்தது. 'உங்களுடன் ஒருவர் இன்றே பேசுவார்' என்று அதன் கீழே எழுதியிருந்தது.

மண்டபமே சிரித்தது. "அண்ணனுக்கே செவப்பா!" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"பயப்படாதீங்க லா. இது சும்மா காட்டறதுக்கு" என்றான் மகேந்திரன். எல்லா ஊரிலும் இந்த இடத்தில் இதைத்தான் சொல்வான்.

குமுதா மட்டும் சிரிக்கவில்லை. கையுறை ஃபேக்டரியில் நைட் ஷிப்ட் முடிந்து, சட்டைகூட மாற்றாமல் வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவள்.

"பொய் சொல்றவங்க கொஞ்சமாச்சும் யோசிப்பாங்கண்ணே. நீங்க யோசிக்கவே இல்லையே."

வம்புக்குச் சொன்னதாகவும் தெரியவில்லை. சொல்லிவிட்டுக் கொட்டாவியைக் கையால் மறைத்துக்கொண்டாள்.

மகேந்திரன் புன்னகை செய்தான். முகம் அதைத் தானாகவே செய்தது.

பிறகு ஒவ்வொருவர் கைப்பேசியிலும் திட்டத்தைப் போட்டுக் கொடுத்தான். குமுதா கேள்விக்குக் கேள்வி நிறுத்தி, கூரையைப் பார்த்து யோசித்துத்தான் தட்டினாள். அவளுக்கு மஞ்சள் வட்டம் வந்தது. நிம்மதியா ஏமாற்றமா என்று தெரியாத ஒரு முகத்தோடு அவள் வீட்டுக்குத் தூங்கப் போனாள்.

கறிபாப் பலகாரம் கொடுத்தார்கள். காரம் போதுமா என்று கேட்டார்கள். நன்றாக இருக்கிறது என்றான்.

காருக்குள் வந்து உட்கார்ந்ததும் கைப்பேசி அதிர்ந்தது.

'உங்கள் வட்டாரத்தில் ஒருவருக்கு உதவி தேவை. கூப்பிடவும்.'

சிவப்பு விழுந்தால் வட்டார ஊழியருக்குச் செய்தி போகும். இந்தப் பக்கத்தில் தமிழில் பேச இருப்பது அவன் ஒருவன்தான். ஆளின் பெயர் அதில் வராது. ஒரு குறி எண்தான் வரும்.

அந்த எண் அவனுக்கு மனப்பாடம்.

கூட்டங்களில் காட்டுவதற்கென்று தனியாக ஒரு மாதிரிக் கணக்கு கொடுத்திருந்தார்கள். அதில் எதைத் தட்டினாலும் எங்கேயும் செய்தி போகாது. பாரிட் புந்தார் கூட்டத்துக்குப் பிறகு மகேந்திரன் அதைத் திறக்கவே இல்லை. தன் பெயரிலேயே ஒரு கணக்கைத் தொடங்கி, ஊர் ஊராக அதைத்தான் சுவரில் காட்டிக்கொண்டிருந்தான்.

ஒவ்வொரு கூட்டம் முடிந்ததும் இப்படிக் காரில் உட்கார்ந்து, 'பேசிவிட்டேன், நலமாக இருக்கிறார்' என்பதைத் தட்டுவான். திட்டம் அவனுக்கு நன்றி சொல்லும். காரைக் கிளப்புவான்.

இன்றும் விரல் அங்கேதான் போனது.

யோசிக்கவே இல்லையே என்று அந்தப் பெண் சொன்னது, இரைச்சல் அடங்கிய பிறகு கேட்பதுபோல இப்போதுதான் காதில் விழுந்தது.

விரலைக் கொஞ்சம் கீழே இறக்கி, 'தொடர்புகொள்ள முடியவில்லை' என்பதைத் தட்டினான்.

நன்றி வரவில்லை. சாவியைத் திருகப் போனவன் அப்படியே விட்டுவிட்டான்.

கொஞ்ச நேரத்தில் ஈப்போவிலிருந்து ஜூடித் கூப்பிட்டாள். திட்டத்துக்குப் பொறுப்பான மூத்த ஆஸ்பத்திரித் தாதி. அங்கே யாரோ சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"மகேந்திரன், ஒங்க ஏரியாவுல ஒருத்தரு லைன்ல கெடைக்கலைன்னு வருது. செவப்பு வேற. ஆளு யாருன்னு ஒங்களுக்குத் தெரியுமா?"

செம்பனைக் குலை ஏற்றிய லோரி ஒன்று காரை உரசுவதுபோல் போனது. அது போய் முடியும்வரை காத்திருந்தான்.

"தெரியும்க்கா" என்றான். "கார்லதான் உக்காந்திருக்காரு."

அந்தப் பக்கம் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு, நாற்காலியை இழுத்துப் போட்டு ஜூடித் உட்காரும் சத்தம்.