ஒருவரை அழைத்து வாருங்கள்

"முனையை விட்டுடாதடி! தரையில பட்டுச்சுன்னா இடிகிட்ட யாரு வாங்கிக் கட்டிக்கிறது?"

நெட்டை சொன்னதும் குட்டை விரல்களை இறுக்கிக்கொண்டாள். ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து உதறி, எதிரெதிரே நடந்து வந்து சேர்த்து, மறுபடி விலகி, மறுபடி சேர்த்து... காலையிலிருந்து இதுதான் வேலை. உயரத்தைப் பார்த்து யாரோ வைத்த பெயர்கள் இருவருக்கும் ஒட்டிக்கொண்டுவிட்டன. இடி என்பது மேற்பார்வையாளர். மெஷின் இரைச்சலையும் மீறிக் கத்துகிற மனிதருக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்?

குட்டைக்குக் கால் கடுத்தது. அதைவிட மனசு அசந்து போயிருந்தது. வரும் ஞாயிறு ஆராதனைக்கு ஆளுக்கு ஒருவரையாவது அழைத்து வரவேண்டும் என்று போதகர் சொல்லிவிட்டார். போன வருஷமும் அப்படித்தான் சொன்னார். எல்லோர் பக்கத்திலும் ஒரு புதுமுகம் உட்கார்ந்திருக்க, இவள் பக்கத்தில் இவளுடைய கைப்பைதான் உட்கார்ந்திருந்தது. அன்றைக்கே நெட்டைக்காக ஜெபிக்க ஆரம்பித்துவிட்டாள்.

ஜெபித்ததோடு சரி, வாய்தான் வரவில்லை. வாய்க்குப் பதிலாக உடம்பு உழைத்தது. நெட்டைக்கு முதுகுவலி என்றால் ஈர மூட்டைகளை இவளே தூக்கினாள். வீட்டுக்குப் போய்த் தோளில் தைலத்தைத் தேய்த்துக்கொண்டு விழுந்தாள். நம் நடத்தையைப் பார்த்து அவளே ஒருநாள் கேட்பாள் என்று ஒரு நம்பிக்கை.

நெட்டை கேட்கவில்லை. ஆனால் அவளும் லேசுப்பட்டவள் இல்லை. குட்டையின் மகள் காய்ச்சலில் கிடந்தபோது இவளுடைய ஷிஃப்டையும் சேர்த்துப் பார்த்தாள். கர்த்தரை அறியாமலே ஒருத்திக்கு இவ்வளவு நல்ல மனசா என்று குட்டைக்கு ஆச்சரியம்தான். பாவம், ஞாயிறு காலையில்கூட வேலைக்கு வந்துவிடுகிறாள். சாப்பாட்டு டப்பாவைத் திறந்ததுமே அசதியில் அவளுக்குக் கண் சொருகிவிடும். யாராவது பார்த்துச் சிரிப்பார்களோ என்று கை கழுவும் இடத்திலேயே ஜெபத்தை முடித்துவிட்டு வரும் குட்டை, அவள் கண் திறக்கும்வரை சத்தம் போடாமல் காத்திருப்பாள்.

"அங்க பாரு, சுவத்தைப் பார்த்துக்கிட்டு தனியா சாப்பிடுறாரு" என்றாள் நெட்டை, அன்றைய சாப்பாட்டு வேளையில் இடியைக் கண்ணால் காட்டி.

"சம்சாரம் போனதுக்கப்புறம் இப்படியா, முன்னாடியும் இப்படியாக்கா?"

"யாருக்குத் தெரியும்? மனுஷன் கிட்ட போனாத்தானே! கடிச்சு வச்சிட்டார்னா?"

இருவரும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில்தான் குட்டைக்குப் பயம் வந்தது. இந்த வேலையில் அவளுக்கு இருக்கிற ஒரே துணை இவள். அழைக்கப்போய், 'அதுக்குத்தான் இவ்வளவும் செஞ்சியா?' என்று முகம் திரும்பிவிட்டால்? ஆனால் அழைக்காமலே விட்டால், கர்த்தருக்கு என்ன பதில் சொல்வது?

மறுபடி மடிக்க நின்றார்கள். விரிப்பின் முனைகளோடு நடந்து வந்து முகத்துக்கு முகம் நெருங்கியபோது, குட்டை கண்ணை மூடிக்கொண்டு கேட்டேவிட்டாள்.

"அக்கா, கோச்சுக்காதீங்க. ஞாயித்துக்கிழமை என்கூட எங்க சபைக்கு வருவீங்களா?"

நெட்டையின் கையிலிருந்து விரிப்பு நழுவித் தரையில் விழுந்தது.

"சபையா? உனக்கு ஏதுடி சபை?"

"நான் சின்ன வயசுலேருந்தே போறேன்க்கா."

"அடிப்பாவி!" நெட்டை துணிக்குவியல் மேல் தொப்பென்று உட்கார்ந்தாள். "நானும்தான்டி! சாயங்கால ஆராதனை. உன்னை எப்படியாவது கூட்டிட்டுப் போகணும்னு வருஷம் பூரா ஜெபம் பண்ணிட்டிருக்கேன்!"

"ஒரு சிலுவை போட்டிருந்தா தெரிஞ்சிருக்குமே!"

"செயின் போட்டா மெஷின் இழுத்துடும்னு அந்த ஆள் விடமாட்டேங்கிறாரே!"

"சாப்பிடறதுக்கு முன்னாடி தூங்குவீங்களே..."

"தூங்குவேனா? நான் ஜெபம் பண்ணுவேன்டி!"

சிரிப்பு வந்தது. கூடவே அழுகையும் வந்தது.

"அப்ப நீ தூக்கின மூட்டையெல்லாம்?"

"உங்களுக்குச் சாட்சியா இருக்கணும்னுதான். எனக்காக நீங்க பார்த்த ஷிஃப்டு?"

"அதுவும் அதுக்குத்தான்."

ஒரு வருஷத்து அலுப்பு மொத்தமாக இருவர் தோளிலும் வந்து உட்கார்ந்ததுபோல் இருந்தது. ஏற்கெனவே கரை ஏறி நின்ற ஒருத்தியைக் கரையேற்ற இன்னொருத்தி மூச்சுமுட்ட இழுத்திருக்கிறாள்.

"எங்க போதகர் ஞாயித்துக்கிழமைக்கு ஒரு ஆளைக் கூட்டிட்டு வரச் சொல்லியிருக்காரே, என்னடி பண்றது?" நெட்டை பெருமூச்சு விட்டாள். "இனிமே யாரைக் கூப்பிடுறது? நம்ம ரெண்டு பேரை விட்டா இங்க யாரு இருக்கா?"

பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. இடி. விரிப்பு இன்னும் தரையில்தான் கிடந்தது. இருவரும் பதறி எழுந்து, வரப்போகும் கத்தலுக்காகத் தலையைக் குனிந்து நின்றார்கள்.

அவர் கத்தவில்லை. குனிந்து விரிப்பைத் தானே எடுத்தார். தூசியைத் தட்டினார்.

"ஒருத்திக்காக ஒருத்தி இப்படி மாடா உழைக்கிறீங்களே, எந்தச் சாமி உங்களுக்கு இதைச் சொல்லிக்கொடுத்ததுன்னு ஒரு வருஷமா பார்த்துக்கிட்டே இருக்கேம்மா" என்றார், இருவருக்கும் கேட்டும் கேட்காத குரலில். "யாராவது என்னையும் கூப்பிடுவீங்கன்னு நினைச்சேன்."