நடு ரூட்டர்

நாளைக் காலை நெட்வொர்க் பரீட்சை. சாப்பாட்டு மேசையில் மூன்று பழைய ரூட்டர்கள் இரைய, மருமகள் நாற்காலி நுனியில் உட்கார்ந்து காலாட்டிக்கொண்டிருக்கிறாள். நடு ரூட்டரின் ஒரே வாசல் வழியாக ஓரத்து இரண்டும் அதோடு நன்றாகத்தான் பேசுகின்றன. ஒன்றின் பாதை விவரம் மற்றதற்கு மட்டும் போய்ச் சேரவில்லை. "அவன் சாப்பிட்டானான்னு கேளும்மா," என்கிறார் மாமனார், சாத்திய அறைக்குள்ளிருந்து. "ஆச்சுன்னு சொல்லு," என்கிறான் கணவன், எதிர் அறைக்குள்ளிருந்து. ஒரு வாரமாக அப்பாவும் பிள்ளையும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. நகத்தைக் கடிக்கிறவளுக்குச் சட்டென்று உறைக்கிறது: ஒரு வாசலில் வந்த சேதியை அதே வாசலில் திருப்பி அனுப்பாதே என்கிற விதியை நடு ரூட்டரில் நீக்க மறந்திருக்கிறாள். ஒரு வரி தட்டுகிறாள். திரையில் பாதைகள் கடகடவென்று இறங்குகின்றன. "கேட்டியாம்மா?" "சொல்லிட்டியா?" அவள் விருட்டென்று எழுந்துபோய் இரண்டு கதவுகளையும் அகலத் திறக்கிறாள். அப்பாவும் பிள்ளையும் நேருக்கு நேர் திருதிருவென்று முழிக்கிறார்கள்.