முன்னுக்கு இழுத்த சீட்

"பொம்பளை கையில ஸ்டியரிங்கக் குடுத்தேன் பாரு, என்னையச் சொல்லணும்!"

கம்பளை தாண்டி நாவலப்பிட்டி போகிற வழியில் ஒரு வளைவு. அங்கே புதுக் கார் ஒன்று மூக்கை ரோட்டோரச் சாக்கடைக் கானுக்குள் விட்டபடி கிடந்தது. கத்தியவர் அழகமுத்து, கண்டியில் துணிக்கடைக்காரர். பக்கத்தில் பட்டுச்சேலையோடு நின்று வாங்கிக் கட்டிக்கொண்டவள் அவர் மனைவி ஞானேஸ்வரி.

சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குப் புறப்பட்ட பயணம். "இன்னைக்கு நான்தான் ஓட்டுவேன்" என்று காலையில் ஒற்றைக் காலில் நின்றாள்.

"பட்டுச்சேலையோட கார் ஓட்டுற ஆசையப் பாரு!" என்று அப்போதே முணுமுணுத்தார் மனுஷன்.

நன்றாகத்தான் ஓட்டினாள். பேராதனையில் பொலிஸ் மறித்தது, லைசனைக் காட்டினாள், போகச் சொல்லிவிட்டார்கள். இந்த வளைவில்தான் ஒரு பஸ் லொறியை முந்திக்கொண்டு நேருக்கு நேர் வந்தது. ஞானேஸ்வரி சட்டென்று இடது பக்கம் இறக்கினாள். பஸ்காரன், படுபாவி, நிற்கவே இல்லை.

லைட் உடைந்தது, மட்கார்ட் நசுங்கியது, ஆனால் ஆளுக்கு ஒரு கீறல்கூட இல்லை. அதற்கு ஒரு நல்ல வார்த்தை வரவேண்டுமே? ம்ஹூம்!

எதிரே இருந்த தேத்தண்ணிக்கடையிலிருந்து கடைக்கார வடிவம்மா ஓடி வந்தாள். "ஐயோ, ஐயாவா ஓட்டினீங்க?"

அழகமுத்துவின் மீசை துடித்தது. "ஆமா, நான்தான்!"

ஞானேஸ்வரி அவரை ஓரமாக இழுத்தாள். "ஏங்க இந்தப் பொய்?"

"பொம்பளை ஓட்டினதுன்னா இன்சூரன்ஸ்காரன் ஆயிரம் நொட்டை சொல்லுவான். கிளெய்ம் கெடைக்காட்டி லீசிங் தவணை கட்டுறதா, கார் திருத்துறதா? நீ சும்மா இரு."

"வேணாங்க. சொன்னா கேளுங்க."

"வாய மூடு!"

அதோடு விட்டாரா? காரைச் சுற்றிக் காவல் வேறு. "இன்சூரன்ஸ் ஆள் வர்ற வரைக்கும் யாரும் ஒண்ணையும் தொடக்கூடாது!" வடிவம்மா எட்டிப் பார்த்ததற்கே ஒரு அதட்டல்.

இன்சூரன்ஸ் ஆள் சண்முகநாதன் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். யாழ்ப்பாணத்துக்காரர். ரோட்டைப் பார்த்தார், ரயர் தடத்தைப் பார்த்தார், காருக்குள் குனிந்து பார்த்தார்.

"ஆர் கார் ஓடினது?"

"நான்தான்" என்றார் அழகமுத்து, நெஞ்சை நிமிர்த்தி.

"ஓம். லைசனைத் தாங்கோ."

நெஞ்சு இறங்கியது. லைசன் கேட்பார்கள் என்று அந்த அவசரத்தில் அவருக்கு யோசனையே வரவில்லை. சட்டைப் பையைத் தடவி, காற்சட்டைப் பையைத் தடவி, கடைசியில் நீட்டினார்.

"ஐயா, இது காலாவதியாப் போச்சே! நீங்கள் ஓடினதெண்டால் கொம்பனி ஒரு சதமும் தராது."

அழகமுத்து லைசனை அவசரமாக வாங்கிப் பைக்குள் திணித்தார். புதுப்பிக்கப் போனால் கண்ணைப் பரிசோதித்துக் கண்ணாடி போடச் சொல்வார்கள் என்று தள்ளிப்போட்டு வந்த லைசன் அது.

"இல்ல தம்பி… வந்து… இவதான் ஓட்டினா."

"இப்ப மாத்திச் சொன்னால் நான் எதை நம்புறது?" சண்முகநாதன் பேனாவை மூடினார்.

கிளெய்ம் போயே போச்சு என்று அழகமுத்து தலையில் கை வைத்தார். ஞானேஸ்வரி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"தம்பி, ஒரு நிமிஷம். என்னங்க, நீங்கதானே ஓட்டினீங்க? அந்த சீட்ல போய் ஒக்காருங்க, பார்ப்போம்."

"இப்ப எதுக்குடி?"

"ஒக்காருங்களேன்!"

அழகமுத்து ஒரு காலை உள்ளே வைத்தார். அவ்வளவுதான். சீட் முன்னுக்கு இழுத்தபடி ஸ்டியரிங்கை ஒட்டிக் கிடந்தது. தொந்தி கதவோடு நின்றுவிட்டது. மூச்சை அடக்கினார், சரிந்து பார்த்தார், முக்கினார். ஊஹூம்!

"ஐயா ஒருத்தரையும் கிட்ட விடல்லையே, சீட்ட யார் இழுத்திருப்பா?" என்று கேட்டுவிட்டு வடிவம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். அழகமுத்துவை வெளியே இழுக்கவே ஆள் தேவைப்பட்டது.

ஞானேஸ்வரி ஏறி உட்கார்ந்தாள். அளவெடுத்து வைத்ததுபோல் இருந்தது. தன் லைசனை நீட்டினாள்.

சண்முகநாதனும் சிரிப்பை அடக்கவில்லை. "அக்கா, பஸ் உங்கட பக்கம் ஏறி வந்த தடம் கிடக்கு. வலப்பக்கம் திருப்பியிருந்தால் பள்ளம். நல்லா ஓடியிருக்கிறியள். கிளெய்ம் ஓகே!"

ஆட்கள் கூடிக் காரைத் தூக்கிவிட்டார்கள். மறுபடியும் ஞானேஸ்வரிதான் ஓட்டினாள். கல்யாண வீட்டிலிருந்து அழகமுத்துவின் மச்சான் ஃபோனில் கோல் எடுத்தான்.

"கார அடிச்சிட்டீங்களாமே, யாரு ஓட்டினது?"

அழகமுத்து மனைவியைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

"என் பொண்டாட்டி! அவ ஓட்டினதாலதான் நான் உசிரோட பேசிக்கிட்டு இருக்கேன், தெரிஞ்சுக்க!"

ஃபோனை வைத்துவிட்டு, குரலை இறக்கிக் கேட்டார். "ஞானம், லைசன் முடிஞ்சது ஒனக்கு முன்னமே தெரியுமா?"

"ஒங்க காற்சட்டைப் பையில இருக்கிறத எடுத்துப் பார்த்துட்டுக் கழுவப் போடுறது யாரு? நான்தானே?"

"அப்ப… காலையில அடம் பிடிச்சது?"

"பின்ன? பொலிஸ்காரன் முன்னால நீங்க தலைகுனிஞ்சு நிக்கக்கூடாதேன்னுதான். பட்டுச்சேலை கட்டிக்கிட்டு கார் ஓட்டணும்னு எனக்கென்ன ஆசையா?"