காற்றில்லாத கட்டம்

புயல் எச்சரிக்கையை அனுப்பச் சொல்லி மேலிடம் அரித்துக்கொண்டிருந்தது. நிரோஜன் பதுளை வானிலை அலுவலகக் கணினியில் அன்றைய புயலின் மாதிரியை மறுபடி ஓட்டினான். நில உராய்வைக் குறைத்தால் காற்று சீறியது, கூட்டினால் அடங்கியது. வரைபடத்தில் பூனாகலைத் தேயிலைத் தோட்டத்தின் மேல் விழுந்த ஒரு கட்டத்தில் மட்டும், எதை மாற்றினாலும், காற்று பூச்சியத்திலேயே நின்று அவன் உயிரை வாங்கியது.

அந்தத் தோட்டத்துக் கிளாக்கர் ஜெஸ்டினைக் கைபேசியில் பிடித்தான்.

"கல்லறைத் திருநாளுங்க சேர், மெழுகுதிரி கொளுத்துறோம். சுத்தி மரமெல்லாம் முறியுது, இங்க ஒரு திரிகூட ஆடலைங்க."

"என்ன விசர்க்கதை கதைக்கிறீர்!"

ஆத்திரத்தில் அந்தக் கட்டத்துக்கு மட்டும் காற்று வேகம் ஐம்பது என்று கணினியில் கையாலேயே அடித்தான்.

ஜெஸ்டினின் குரல் தாழ்ந்தது.

"இப்ப அணையுதுங்க சேர். ஒவ்வொரு கல்லறையா. காத்து இல்லைங்க. யாரோ குனிஞ்சு குனிஞ்சு ஊதுறாப்ல இருக்கு."