முதுகுக்குள் ஒரு சைரன்

சைரன் அலறியது. தமயந்தி தன் இரண்டரை வயது மகள் தாரகையைச் சட்டென்று கீழே விட்டாள். டிஸ்க் ஆபரேஷனில் தமயந்தியின் முதுகுக்குள் பொருத்திய கருவி அது. ஐந்து கிலோவுக்கு மேல் தூக்கினால் கத்தும். குழந்தை மிரண்டு அழுதது, ஆறு மாதமாக அழுவதைப் போலவே.

மறுநாள் டாக்டர் கருவியை அணைத்தார். "முதுகு இரும்பு மாதிரி ஆயிடுச்சும்மா. இனிமே யாரை வேணா தூக்குங்க."

தமயந்தி வீட்டுக்கு ஓடிவந்து குனிந்து கைகளை நீட்டினாள். "வாடி தங்கம்!"

தாரகை காதுகளைப் பொத்திக்கொண்டு, வேலைக்கு வரும் செல்லக்கிளியின் பின்னால் ஒளிந்தாள்.

"போ கண்ணு, இனிமே கத்தாது" என்றாள் செல்லக்கிளி.

குழந்தை அவள் புடவையை இறுக்கிப் பிடித்து, அவளை அண்ணாந்து பார்த்தது.

"நீ தூக்கு அம்மா. இது கத்தும்."