எடுத்தவர் குரல்

போன் அடித்ததும் அவள் பேனாவைத் திறந்தாள்.

"அக்கா, அந்தோணி பேசுறேன். இன்சுலேட்டர் மாத்தியாச்சு. எல்சி ரிட்டர்ன். லைனை விட்டுருங்க."

எல்சி என்றால் லைன் கிளியர். கம்பத்தில் ஆள் இருக்கிறான், சுவிட்சைத் தொடாதே என்று பொருள்.

துணைமின் நிலையத்தில் பொருள் அது ஒன்றுதான். பின்னால் இருக்கும் குடியிருப்பில் அப்படி இல்லை. பிள்ளை தூங்கினால் எல்சி. டீக்கடை பூட்டியிருந்தால் எல்சி. புருஷனும் பொண்டாட்டியும் முகம் கொடுத்துப் பேசாவிட்டாலும் எல்சி.

அவள் வீட்டில் மூன்று நாளாக எல்சி.

வயர்மேன் புருஷன் மீசைக்குச் சாயம் அடித்துக்கொண்டு வந்தான். அவள் சிரித்துவிட்டாள். நாத்தனார் முன்னால்.

அவ்வளவுதான்.

இன்று காலை பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு எல்சி எடுத்தபோதும் அவன் சுவரைத்தான் பார்த்தான்.

"எடுத்தவரைப் பேசச் சொல்லுங்க" என்றாள் அவள்.

"அண்ணன் பக்கத்துலதான்க்கா நிக்கிறாரு. நான் சொன்னா ஆகாதா?"

"ஆகாது. எடுத்தவர்தான் திருப்பணும்."

அவள் போட்ட விதி இல்லை அது. அடுத்தவன் பேச்சை நம்பி லைனை விட்டால் கம்பத்தில் பிணம் தொங்கும்.

நாலு ஊரில் கரண்டு இல்லை. மில்லில் மிளகாய் பாதி அரைபட்டு நிற்கிறது.

போனில் கசமுசா. "பேசித் தொலைங்கண்ணே, மண்டை காயுது." யாரோ சிரித்தார்கள். தொண்டையைச் செருமும் சத்தம்.

"எல்சி ரிட்டர்ன்."

"பேரு?"

"தெரியாதாக்கும்?"

"சொல்லணும்."

"தவசிமுத்து. வயர்மேன்."

"லைன்ல மாட்டின எர்த் ராடு?"

"எடுத்தாச்சு."

"ஆளுங்க?"

"மூணு பேரும் இறங்கியாச்சு."

கேட்க வேண்டியது அத்தோடு முடிந்தது. அவள் பேனாவை மூடவில்லை.

"மூணு நாளா மத்தியானச் சாப்பாடு எங்க?"



"இதெல்லாம் ரிஜிஸ்டர்ல இருக்கா?"

"இருக்கு."

நாலு ஊரும் காத்திருந்தது.

"புரோட்டா கடை" என்றான். பிறகு, குரல் கொஞ்சம் இறங்கி, "வாயில வைக்க முடியல."

அவள் நேரத்தை எழுதினாள். பன்னிரண்டு நாற்பது. சுவிட்சைப் போட்டாள்.

"கருவாட்டுக் குழம்பு வச்சிருக்கேன்."

போனுக்குள் தூரத்தில் மில் உறுமிக் கிளம்பியது. அதையும் மீறி அந்தோணி கத்தினான்.

"அண்ணே, அதான் லைன் வந்துருச்சே! என் போனைக் குடுங்க!"

"இருடா" என்றான் அவன்.