தங்கப்பனின் கால்

அடையாறு மருத்துவமனை ஒன்றில், வலியும் மனச்சோர்வும் விடாத முன்னாள் ராணுவத்தினருக்கு மயக்க மருந்தைச் சிறிதளவு ஏற்றிச் சோதித்துப் பார்த்தார்கள். ஹவில்தார் அய்யாதுரைக்கு வலித்ததோ, என்றோ வெட்டியெடுத்துவிட்ட இடது கால்.

மே மாத மதியம் சொட்டு மருந்து முடிந்து கண் திறந்தவர் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து வருஷக்கணக்காகியிருந்தது; மனைவி பங்கஜத்துக்குக் கண் கலங்கிவிட்டது.

"வலி சுத்தமா பூட்ச்சு மேடம். தங்கப்பன் வந்து தேச்சு வுட்டான்" என்றார் டாக்டர் நிஷாவிடம்.

தங்கப்பன் அவரோடு பனிமலையில் காவல் நின்றவன். அங்கே ஜோடி ஜோடியாகத்தான் இருப்பார்கள். கால் மரத்துப்போகாமல் இவன் காலை அவன் தேய்ப்பான், பிறகு அவன் காலை இவன் தேய்க்க வேண்டும். ஒருநாள் பனி சரிந்து தங்கப்பனை மூடியது. உடல் கிடைக்கவேயில்லை.

டாக்டர் நிஷா புன்னகையோடு, மடித்துக் குத்தியிருந்த பேன்ட் காலைத் தொட்டாள். சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள். துணி நனைந்து விறைத்திருந்தது. மடிப்பில் வெண்பனி.

பங்கஜம் அதைத் தட்டிவிட்டாள். "எப்டியோ, வலி பூட்ச்சே. அது போதும்."

"அடுத்த மருந்து எப்போ மேடம்?" என்றார் அய்யாதுரை.

"அதான் வலியே இல்லையே சார்?"

"எனக்கு இல்ல. அவன் காலு இன்னும் ஐஸாட்டம் கீது. இனிமே நான்தான தேய்க்கணும்."